சுவர் திருப்பிச் சொன்ன பாடம்

மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் எனக்குச் சத்தமாக வாசிக்க வரவில்லை. எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் 'நா... வ... ல் ம... ர... ம்' என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், அந்த மரம் எங்கே இருந்தது என்பது எனக்கே மறந்துவிடும். வகுப்பில் என் முறை வந்தால் மிஸ் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார்.

என்னை வாசிக்க வைக்கிற பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டாள். அப்பாவின் தங்கை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்ததும் என்னைப் பின்னறையில் சுவரோரமாக உட்காரவைத்து, "வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி வரிய முழுசா கண்ணால பாத்துடு. அப்புறம் ஒரே மூச்சுல சொல்லு. எனக்கு அங்க கேக்கணும்" என்பாள். மோட்டார் சத்தத்தை மீறி நான் கத்த வேண்டும்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அங்கே வாடகைக்கு இருந்த கணவனும் மனைவியும் காலையில் பூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். குழந்தை கிடையாது. தெருவில் யாரோடும் பேச்சும் கிடையாது.

ஒருநாள், "ஆற்றங்கரையில் ஒரு நாவல் மரம் இருந்தது" என்று எப்படியோ தடுமாறாமல் வாசித்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து, சுவருக்குள்ளிருந்து மெல்லிய குரலில் அதே வரி வந்தது.

அத்தையிடம் ஓடினேன். "எதிரொலிடி அது. காலி வீடு, அப்படித்தான் கேக்கும்" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது.

எங்கள் எதிரொலிக்குச் சில குணங்கள் இருந்தன. திக்கினால் பதில் சொல்லாது. வரி முழுதாகப் போனால்தான் திரும்பி வரும். சளி பிடித்து என் குரல் கட்டிப்போயிருந்தபோதும் அதன் குரல் தெளிவாகவே இருந்தது. சில சமயம், முன்பு வாசித்த பாடத்திலேயே "குளத்தில் தா... தா..." என்று நான் நிற்கும்போது, "தாமரை" என்று எனக்கு முன்னால் அது சொல்லிவிடும். அப்போதெல்லாம் முதுகு சில்லிடும். ஆனாலும் நான் எழுந்து போனதில்லை. என் வாசிப்புக்காக அதற்குமுன் யாரும் காத்திருந்ததில்லை.

கொஞ்ச நாளில் வாசிப்பு வந்துவிட்டது. மிஸ் சன்னலை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய் மிஷின் நின்றது. நான் சன்னல் வெளிச்சத்தில் ஒரு வரியை முடித்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தது வேறு வரி.

"கதவத் தொறந்து விடுங்க."

பாடம் சொல்கிற அதே ராகம். புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. இத்தனை நாள் அது திருப்பிச் சொன்னது, இன்றைக்கு என் முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் உரக்கச் சொன்னேன்: "கதவத் தொறந்து விடுங்க."

"எந்தப் பாடத்துலடி வருது அது?" என்றபடி அத்தை வந்தாள்.

"எதிரொலி சொல்லுச்சு அத்தை. நான் திருப்பிச் சொன்னேன்."

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு வரி படி" என்றாள். படித்தேன். சுவர் திருப்பிச் சொன்னது. என் தோளில் இருந்த அத்தையின் கை இறுகியது. சுவரோடு முகத்தை ஒட்டிவைத்து, "யாரும்மா உள்ள?" என்றாள்.

சுவரை விரலால் மெல்லத் தட்டினாள். பிறகு, "நான் பேசினேன்னு இந்த வீட்டு அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றது அந்தக் குரல்.

அப்பாவும் தெருக்காரர்களும் பூட்டை உடைத்தார்கள். யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். உள்ளேயிருந்து வந்தவள் என்னைவிட நாலைந்து வயது பெரிய ஒரு பெண். அந்த மங்கலான மழை வெளிச்சத்துக்கே கண்ணைப் பொத்திக்கொண்டாள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்கென்று அழைத்துவந்திருந்தார்களாம். கையெல்லாம் சூட்டுத் தழும்பு. அத்தனை நெருக்கமான தெருவில் ஒருவர் கண்ணிலும் அவள் பட்டதில்லை.

பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் கொண்டாட்டமாக இருந்தது. அவளை எங்கள் வீட்டில் உட்காரவைத்ததும் புத்தகத்தை நீட்டி, "இப்ப நீ மொதல்ல படி" என்றேன்.

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். தலைகீழாகப் பிடித்தாள். நான் நேராகத் திருப்பிக் கொடுத்தேன். அவள் பார்வை எழுத்தின் பக்கமே போகவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு, முதல் பாடத்தில் தொடங்கி, அதுவரை நான் வாசித்திருந்த எல்லாவற்றையும் ஓரிடத்திலும் திக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டுக்குள் திட்டாகவும் ஏவலாகவும் இல்லாமல் அவள் காதில் விழுந்த பேச்சு என் வாசிப்பு ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்துப் புகார் சொன்னேன்: "ஏமாத்தறா அத்தை. பக்கத்தப் பொரட்டவே மாட்டேங்கறா."