ரேவதியையும் நிஷாவையும் வரைந்தவள்

நான் பொன்னேரி ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது தேவகியின் தம்பி போன் செய்தான். "டீச்சர், அக்கா போயிட்ச்சி. மஞ்சக்காமாலை முத்திட்ச்சாம். வீட்டுக்கு எடுத்தாந்துட்டோம்." போனை வைக்கும்முன் ஒன்று சேர்த்தான். "வர்றவங்ககிட்ட அந்தப் படக்கதை பத்தி மட்டும் பேசாதீங்க டீச்சர்." அழுகைக்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதை எழுதும்போதும் அது இறங்கவில்லை. அவளை அறிந்த, அறியாத உங்கள் எல்லோரிடமும், அன்று பேசாமல் விட்டதைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

தேவகி பழவேற்காட்டுக் கடலோரக் குப்பத்துப் பெண். நாங்கள் இருவரும் ஒரே தனியார் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தமிழ், அவள் ஓவியம். ஜப்பானியப் படக்கதைகளை செல்போனில் படித்துப் படித்து, அதே பாணியில் தானும் ஒன்று வரைந்து இணையத்தில் போட ஆரம்பித்தாள். ரேவதி, நிஷா என்று பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் இருவர். அதில் பெரிதாக எதுவும் நடக்காது. ஏரிச் சேற்றில் சிக்கிய நிஷாவின் செருப்பை ரேவதி எடுத்துக் கழுவித் தருவாள். அன்று முழுக்க நிஷாவுக்குப் பாடம் ஏறாது. தோழியைப் பார்த்தால் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவளுக்கே புரிவதற்குப் பல வாரங்கள் ஆகும். ஜப்பானில் இந்த வகைப் படக்கதைக்கு மாங்கா என்று பெயர். "இன்னா டீச்சர், மாங்கா போடுறீங்களாமே, ஊறுகாயா?" என்பார் கணக்கு வாத்தியார். "உப்பு ரெடி பண்ணி வைங்க சார்" என்று சிரிப்பாள்.

சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். கோடுகளை வாயாரப் புகழ்ந்தார். பிறகு, "ரேவதிய மட்டும் பையனா மாத்திடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார். தேவகி பதற்றமே இல்லாமல் படங்களைப் பைக்குள் வைத்தாள். "பையன் கதை நெறைய பேர் எழுதுறாங்க சார். இது இவங்க ரெண்டு பேரு கதை." படியிறங்கும்போது நான்தான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் டீ குடிக்கலாமா என்று கேட்டாள்.

அடுத்த ஆண்டு ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார். தாளாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டு, மேசையில் அவள் பக்கங்களைப் பரப்பி வைத்து, "பொம்பளப் புள்ளைங்கள கெடுக்குறீங்க" என்றார். "எந்தப் பக்கத்துல கெட்டுப்போறாங்க சார்? காட்டுங்க" என்றாள் தேவகி. அவர் புரட்டினார். செருப்பு, மழை, டிபன் பாக்ஸ், தலை பின்னிவிடும் கை. காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தும் மாதக் கடைசியில் வேலையைவிட்டு நிறுத்தினார். அதே வாரம் ஆண்டு விழா ஒத்திகை நடந்தது. வேண்டாம் வேண்டாம் என்று ஓடும் பெண்ணைப் பையன்கள் துரத்திப் பாடும் சினிமாப் பாட்டுக்கு எட்டாம் வகுப்பு ஆடியது. அதற்கு எந்தப் பெற்றோரும் புகார் கொடுக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார்கள்.

அதன்பிறகு படகுகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தாள். ஒருநாள் அவளைப் பார்க்கப் போனபோது, கரையில் கவிழ்த்துப் போட்ட படகொன்றில் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கதை கடைசில அவுங்க ரெண்டு பேரும் செத்துடுவாங்களா?" தேவகி தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். "சாவமாட்டாங்க. மத்தது எனக்கே தெரியாது. சாவமாட்டாங்க, அது மட்டும் இப்பவே சொல்லிட்றேன்." அந்தப் பெண் மற்றவளின் கையைப் பிடித்திருந்தாள். அப்படியொரு கேள்வியை ஒரு பிள்ளை கேட்கும்படி இத்தனை காலமாகக் கதை சொல்லி வைத்திருக்கிறோமே, நமக்கு வெட்கமாக இல்லையா?

இரங்கல் கூட்டத்துக்குத் தாளாளரே வந்தார். "ஒழுக்கமான ஆசிரியை" என்றார். பேனரில் "இயற்கை ஓவியர்" என்று போட்டிருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் தம்பி என்னிடம் வந்து, இணையத்தில் இருப்பதையெல்லாம் அழித்துத் தரச் சொன்னான். "ஊரு அசிங்கமா பேசுது டீச்சர்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா எழுந்துவிட்டாள். மீன் கூடை சுமந்து பிள்ளைகளை ஆளாக்கியவள், படிக்கத் தெரியாது. "ஒவ்வொரு படமும் எனக்குக் காட்டித்தான்டா போட்டா. அதுல இன்னாடா அசிங்கத்த கண்ட? எவனாவது தொட்டீங்க, கைய ஒட்ச்சிடுவேன்." படங்கள் இன்னும் இருக்கின்றன. போய்ப் பாருங்கள்.

அவள் கடைசியாக வரைந்த பக்கத்தில் ரேவதியும் நிஷாவும் கூட்டமான பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்குகிறாள். நடத்துனர் சில்லறை தேடுகிறார், ஒரு கிழவர் கொட்டாவி விடுகிறார், ஒரு குழந்தை ஜன்னல் கம்பியை நக்குகிறது. "ஏன்டி, ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல?" என்று, அவள் அதைக் காட்டியபோது கேட்டேன். "எதுக்குப் பாக்கணும்?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவளிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இனி கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் கேட்பேன். அவள் எப்போதும் மெதுவாகத்தான் கேட்பாள். எனக்கு அப்படிக் கேட்க வராது.