சிவப்பு வேல் போட்ட மிதவை

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வலை மிதவை இருக்கிறது. சிவப்புப் பெயிண்டில் வேல் வரைந்த மிதவை. நான் விசைப்படகு வைத்திருந்த காலத்தில் எங்கள் இழுவலையில் சிக்கி, கிழிந்த வலைத்துண்டோடு மேலே வந்தது. இலங்கை எல்லை தாண்டித்தான் போயிருந்தோம். வலைத்துண்டைக் கடலிலேயே தள்ளிவிட்டோம். வேல் இருந்ததைத் தள்ள மனம் வரவில்லை. வீட்டில் என் மனைவி, "முருகனே வந்திருக்காருங்க" என்று அதற்குச் சந்தனம் வைத்தாள்.

சில வருடம் கழித்து இரண்டு அரசாங்கமும் சேர்ந்து இரு கரை மீனவர்களையும் சென்னையில் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். மல்லிப்பட்டினத்திலிருந்து என்னையும் அனுப்பினார்கள். கிளம்பும்போதே சங்கத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வலை நம்மால் அறுந்தது என்று யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது, ஒப்புக்கொண்டால் பிடிபட்ட படகுகளைத் திருப்பிக் கேட்க வாய் இருக்காது என்று.

மத்தியானச் சாப்பாட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வயசுதான். மீன் குழம்பைப் பார்த்துவிட்டு, "எங்கட மீனை எங்களுக்கே காய்ச்சித் தாறியள்" என்றார். எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். பிறகு மெதுவாகத் தன் கதையைச் சொன்னார். சண்டை முடிந்து ஊர் திரும்பி வாங்கிய முதல் வலையாம். விடிந்து போய்ப் பார்த்தால் பாதியைக் காணோமாம். மிதவைக்கெல்லாம் அவர் மகன் சிவப்பில் வேல் கீறியிருந்தானாம்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அண்ணை, நான் நட்டஈடு கேக்கேல்லை. உங்கட படகுதான் அறுத்தது எண்டு கூட்டத்தில ஒருத்தர் சொல்லுங்கோ. அப்பத்தான் எங்கட ஆக்கள் உங்கட பேச்சை நம்புவினம்."

"பாக்கலாங்க" என்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரி வலை விஷயத்தைக் கேட்டார். கப்பல் ஏதாவது அறுத்திருக்கும் என்றார் எங்கள் தலைவர். வேறு யாராவது பேசுகிறீர்களா என்று அதிகாரி எங்கள் பக்கம் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரரும் என்னையே பார்த்தார். நான் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீண்டும் பேசுவது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். புறப்படும்போது அவர் தன் ஊர் முருகன் கோவில் திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு மிதவையைத் துணிப்பையில் வைத்து எடுத்துப் போனேன். அவர் வரவில்லை. பேசிப் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டாராம். அவர் இல்லாமல் யாரிடம் சொல்வது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு, மிதவையை வெளியே எடுக்காமலே திரும்பினேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனம் வைக்கிறாள். அது யாருடையது என்று அவளிடம்கூட நான் சொல்லவில்லை.