குறுக்குக் குழாய்

என் மாமாவுக்கு முப்பத்திரண்டு வயதுவரை கல்யாணம் ஒப்பேறாததற்குக் காரணம் செவ்வாய் தோஷமில்லை, கார். அம்மாவின் ஒரே தம்பி அவர். வுப்பர்டால் என்ற ஜெர்மன் நகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜ் ஒன்றில் அந்தக் காரை வைத்திருந்தார். அமெரிக்காவில் செய்தது, எட்டு சிலிண்டர், சிவப்பு நிறம், வயதில் அம்மாவுக்கு மூத்தது. அது ஸ்டார்ட் ஆனால் மூன்றாம் மாடியில் எங்கள் அலுமாரிக் கோப்பைகள் கிலுங்கும். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் அந்தச் சத்தத்தோடு போய்விட்டன. "பெடியன் ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் காரின் முன் இருக்கை என்னுடையது. சனிக்கிழமைகளில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றுவேன், ஆகவே கார் விஷயத்தில் என்னிடமும் அபிப்பிராயம் கேட்கப்படும்.

அந்த மாதம் ஒரு பெரிய கேள்வி இருந்தது. எஞ்சினின் இரண்டு பக்கத்திலிருந்தும் புகைக்குழாய்கள் காருக்கு அடியில் பின்னோக்கிப் போகும். இரண்டையும் நடுவில் எங்காவது இணைக்கவேண்டும். குறுக்கே ஒரு கட்டைக் குழாயை வைத்து H மாதிரி இணைத்தால் தடித்த, உறுமுகிற சத்தம் வரும். இரண்டையும் X மாதிரி சந்திக்கவைத்துப் பிரித்தால் சத்தம் மெலிந்து வழுவழுப்பாகிவிடும். மாமா H குழாயை இறுக்கிப் பூட்டியிருந்தார், X தரையில் கிடந்தது. மூன்று கிழமையாக அவரால் முடிவெடுக்க ஏலவில்லை. நான் H கட்சி. சத்தம் குறைந்தால் அது என்ன கார்?

அப்போதுதான் பீலெஃபெல்டிலிருந்து மூன்றாவது சம்பந்தம் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெண்ணாகிய அக்காவும் அவருடைய தாய் தகப்பனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"தம்பி, இண்டைக்குக் காரைப் பற்றி வாயே திறக்கப்படாது. இதுவும் போச்செண்டா இனி நான் ஆரிட்டயும் போய்க் கேக்க மாட்டன்" என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார். மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வடை வந்தது, தேத்தண்ணி வந்தது. பெரியவர்கள் ஊர், உறவு எல்லாம் தோண்டியெடுத்தார்கள். மாமாவும் அக்காவும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அக்காவின் தகப்பன் பெருந்தன்மையோடு, "பிள்ளையள் பத்து நிமிசம் தனியக் கதைக்கட்டும்" என்றார். தனிய என்றால் என்னோடு சேர்த்து. எங்கள் ஆட்களின் தனிமையில் எப்போதும் ஒரு சின்னப் பிள்ளை இருக்கும். என்ன கதைக்கிறார்கள் என்று வந்து சொல்லும்படி அம்மா என் காதுக்குள் சொல்லி அனுப்பினார்.

மாமாவின் கால்கள் தாமாகவே கராஜுக்குப் போயின. அங்கே நின்று, "தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டார். அவர் கண் முன்னால்தான் அக்கா குடித்திருந்தார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்து, "இது என்ன குழாய்?" என்றார்.

அவ்வளவுதான். மாமாவின் மூன்று கிழமைக் கவலையும் கொட்டுண்டது. காரை ஸ்டார்ட் பண்ணி H சத்தத்தைக் காட்டினார். பிறகு சிநேகிதர் ஒருவரின் X பூட்டிய காருக்குள் இருந்து பதிவுசெய்ததைத் தொலைபேசியில் போட்டார். அக்கா காதைப் பொத்தவில்லை, கண்ணை மூடிக் கேட்டார். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடையில் வேலை செய்பவர் அவர்.

"ஓட்டோபான் றோட்டில நூற்றியிருபதில போகேக்க உள்ளுக்க கதைக்க ஏலுமோ?"

"ஏலாது" என்றார் மாமா. "ஆனா ஆரோட கதைக்கிறது? நான் தனியத்தானே போறன்."

"நான் இருக்கிறன்!" என்றேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

"பீலெஃபெல்டிலயிருந்து இஞ்ச வர ஒண்டரை மணித்தியாலமல்லோ. அவ்வளவு நேரமும் கதைக்காமல் வர ஏலுமே?" அக்கா தரையில் கிடந்த X குழாயைக் காட்டினார். "இதுதான் நல்லது."

மேலே போனதும் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

"குழாயைப் பற்றிக் கதைச்சவை" என்றேன். கோப்பைகள் கிலுங்கியதை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்.

"ஐயோ, எல்லாத்தையும் கெடுத்துப்போட்டானே!" என்று கதிரையில் இருந்துவிட்டார். வந்தவர்கள், "யோசிச்சுச் சொல்லுறம்" என்று விடைபெற்றார்கள். முன்னம் இரண்டு வீட்டாரும் சொன்னது அதைத்தான். இரவுச் சமையலின்போது அம்மா அழுதார். வெங்காயம் இருக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தால், மாமா காருக்கு அடியில் கிடந்து H குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்களுக்கு விசரே? அது எங்கட சத்தமெல்லோ!" என்று கத்தினேன். யாரோ ஒருத்தி வந்து ஒரு வார்த்தை சொன்னதற்காக மூன்று கிழமை விசுவாசத்தைக் கைவிட்ட மனிதரோடு எனக்கு என்ன கதை? வியாழக்கிழமைவரை கதைக்கவில்லை. அவர் பாட்டுக்குச் சீழ்க்கை அடித்துக்கொண்டு திரிந்தார்.

வியாழன் பின்னேரம் பீலெஃபெல்டிலிருந்து சம்மதம் வந்தது. தன் வடைதான் காரியத்தை முடித்தது என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறார்.

கல்யாணம் முடிந்து முதல் பயணம். வழக்கம்போல முன் கதவைத் திறந்தேன். உள்ளே மாமி இருந்தார். பின்னால் ஏறினேன். ஓட்டோபானில் கார் வழுவழுவென்று ஓடியது. அவர்கள் இருவரும் வாய் ஓயாமல் கதைத்தார்கள், பின் இருக்கைவரைக்கும் ஒரு சொல் தவறாமல் கேட்டது. அந்தச் சனிக்கிழமை கராஜுக்குக் காவலாக அனுப்பப்பட்டவள் நான். என் கண் முன்னாலேயே என் இருக்கையை ஒருவர் கேட்டு, மற்றவர் கொடுத்தும்விட்டார். நானோ குழாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.