மச்சாள் படகை விட்ட நாள்

மச்சாள் எங்கள் படகுக்கு ‘எருமை’ என்று பெயர் வைத்திருந்தாள். சூரிய ஒளியில் ஓடவேண்டிய சிறிய மாதிரிப் படகு அது. வெயில் எறித்தாலும் நினைத்த நேரத்தில்தான் ஓடும்.

அவள் என் மாமாவின் மகள். சண்டையில் பாதை பூட்டுவதற்குச் சற்று முன்னர் மாமியோடு வன்னியிலிருந்து கடல்கடந்து வந்து, டண்டினொங்கில் எங்களோடு இருந்தாள். மாமாவுக்கு வன்னியில் ஆஸ்பத்திரியில் வேலை. பின்னால் வருகிறேன் என்றவர் வரமுடியாமல் போய்விட்டது.

பள்ளிக்கூடங்களுக்கிடையிலான படகுப் போட்டிக்கு எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் அணியானோம். நுரைப்பலகையில் படகைச் செதுக்குவது நான். மோட்டரும் வயர்களும் மச்சாளின் பொறுப்பு. தண்ணீரில் படகை நேராக விடுவது ஸாரா. அவள் காபூலிலிருந்து தாயோடும் அண்ணனோடும் வந்தவள். பேச்சுக் குறைவு. ஆனால் தன் வேலையில் இன்னொருவர் விரல் வைக்க விடமாட்டாள்.

போட்டி 2009 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, நீச்சல் தடாகமொன்றில் நடந்தது. அம்மாவும் மாமியும் மத்தியானச் சாப்பாட்டோடு வருவதாக இருந்தது. இரண்டு சுற்று முடிந்த பிறகு அம்மா மட்டும் வெறுங்கையோடு வந்தார்.

“அம்மா ஏன் வரேல்லை?” என்று மச்சாள் கேட்டாள்.

“தலையிடி. படுத்திருக்கிறா. நீங்கள் ஓட்டுங்கோ பிள்ளை.”

அடுத்த சுற்றில் படகு நடுவழியில் நின்றது. மச்சாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கழன்ற வயரைப் பல்லால் சீவி முறுக்கிவிட்டாள். எருமை மறுபடி புறப்பட்டுக் கடைசிச் சுற்றுக்குத் தேறியது. பள்ளிக்கூட விழாக்களில் பின்வரிசையை விட்டு அசையாத அம்மா, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார். எனக்கு வெட்கமாயிருந்தது.

கடைசிச் சுற்றுக்கு முன் ஸாரா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படகைத் தூக்கி மச்சாளின் கைகளில் வைத்தாள்.

“நீ விடு,” என்றாள் ஆங்கிலத்தில்.

“உனக்கென்ன பைத்தியமா? அது உன் வேலை!” என்று நான் கத்தினேன். ஸாரா பின்னால் தள்ளி நின்றாள்.

மச்சாள் விட்ட படகு கோணலாகப் போய்ப் பக்கத்துக் கயிற்றில் முட்டி நின்றது. நாங்கள் கடைசி. மச்சாளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எருமை எருமைதான்!”

அம்மா ஆசிரியரிடம் போய், இன்னொரு தரம் ஓட்ட விடமுடியாதா என்று கேட்டார். போட்டி முடிந்துவிட்டது என்று அவர் சிரித்தபடி சொன்னார். சும்மா விளையாட்டுக்காவது ஒரு தரம் என்று அம்மா திரும்பவும் கேட்டார். கயிறுகளைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்படியென்றால் ஒரு படம் எடுப்போம் என்றார் அம்மா. பிறகு இன்னொன்று.

புறப்படும்போது ஸாரா மச்சாளைக் கட்டிப்பிடித்தவள், அண்ணன் காரிலிருந்து ஹோர்ன் அடித்தும் விடவில்லை. தோற்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் தெருவில் கார்கள் நிறைந்திருந்தன. வாசலில் செருப்புகள். மச்சாள் படகோடு முதலில் உள்ளே ஓடினாள். பிறகுதான் மாமியின் குரல் கேட்டது. மாமா வேலை செய்த ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்து அவர் இறந்த செய்தி காலையிலேயே வந்துவிட்டதாம். பிள்ளை அந்தப் போட்டியை முடிக்கட்டும் என்று சொன்னவர் அம்மா. மாமா அவருடைய ஒரே தம்பி.

ஸாரா தன் தகப்பனைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. அம்மாவின் முகத்தில் அன்று அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. படகு ஏன் கோணலாகப் போனது என்பதைத்தான் நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.