பியானோவுக்குக் கீழே வைத்த ஹீட்டர்

சிட்னியில், லிட்கம்மில் ஒரு கராஜில் குடியிருந்தபோது சின்ன ஹீட்டர் ஒன்று வாங்கினேன். அறைகள் மாறின, வேலைகள் மாறின, ஹீட்டர் மட்டும் என்னோடு வந்தது. பிறகு சாமான் ஏற்றும் வான் ஓடத் தொடங்கினேன். எங்கே படுக்க நேருமோ தெரியாது என்பதால் அதை சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அந்த யூலைக் குளிரில் ஒரு பழைய பியானோவை ஏற்றிச் செல்லும் ஓட்டம் கிடைத்தது. சிட்னிக்குத் தெற்கே இரண்டு மணித்தியாலம், செம்மறிப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு பெரிய கல்வீடு. பியானோ போகும் இடமெல்லாம் அதை வாசிக்கும் பிள்ளையும் கூடவே போகவேண்டும் என்பது பியானோவை இரவல் கொடுத்தவர்களின் கட்டளை. அவள் இங்கேயே, கெல்லிவில்லில் வளர்ந்தவள், தமிழ்நாட்டுப் பெற்றோர். பாதி ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

"இருநூறு வருஷம் பழசு, அங்கிள். உள்ள இரும்பு ஃப்ரேமே கிடையாது, சட்டமெல்லாம் மரம். எனக்கு இப்பதான் ஃபர்ஸ்ட் டைம் குடுத்திருக்காங்க. நான்தான் சைன் பண்ணியிருக்கேன். ஏதாவது ஆச்சுன்னா இனிமே தொடக்கூட விடமாட்டாங்க."

"ஒண்டும் ஆகாது பிள்ளை. நான் முட்டைக் கடைக்கும் ஓடினனான்."

அவள் சிரித்தாள். முட்டைக்கு ஓடியது உண்மைதான்.

அங்கே இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு வயலின், ஒரு செலோ. எல்லாம் பழைய காலத்து வாத்தியங்கள், ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்புகள். எல்லாருக்கும் இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். பியானோவை இறக்கி, அதன் கால்களைப் பூட்டி, ஜன்னலோரம் நிறுத்தினோம். அந்த அறையில் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பிள்ளைகள் கோட்டோடும், விரல்நுனி வெட்டிய கையுறைகளோடும் பயிற்சி செய்தார்கள். பியானோக்காரியின் விரல்கள் நீலமாக இருந்தன. இவ்வளவு பெரிய வீட்டில் ஹீட்டர் போட மனம் வரவில்லையே, பணக்காரரின் கஞ்சத்தனம் இது என்று எனக்குக் கோபம் வந்தது. குளிரில் வேலை செய்வது என்னவென்று எனக்குத் தெரியும். மெல்பேர்னில் ஒரு குளிர்காலம் முழுக்க இறைச்சி வைக்கும் குளிர் அறையில் நின்றவன் நான்.

பதினொரு மணிக்கு அவர்கள் வீட்டுக்கார மனுசியோடு குசினிக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் வானிலிருந்து ஹீட்டரை எடுத்துவந்து பியானோவுக்குக் கீழே, அவள் கால் வைக்கும் இடத்தில் வைத்து, முழுச் சூட்டில் போட்டேன். திரும்பி வந்து உட்காரும்போது கால் சுடச்சுட இருக்கட்டும் என்று நினைத்தேன். பிற்பகல் கச்சேரி கேட்க வருபவர்களுக்குக் கதிரைகளை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றேன். கால் மணித்தியாலம் போயிருக்கும்.

பியானோவுக்குள்ளே 'படக்' என்றது.

மூடி சாத்தியிருந்தது. திறந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. இருநூறு வருஷத்து மரம் வெடித்துவிட்டது என்றே முடிவுகட்டினேன். ஹீட்டரைப் பிடுங்கினேன். சூட்டோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வானுக்கு நடந்தேன். யாரும் பார்க்கவில்லை.

பிழை வந்தால் பையைத் தூக்குவது என் வழக்கம். மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையை அப்படி விட்டேன். சென்னையில் ஒரு அச்சகத்தையும், இங்கே வந்து ஒரு தோடம்பழத் தோட்டத்தையும் அப்படித்தான். அதைப் பற்றி வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. சாவியைப் போட்டேன். அப்போது அவள் சைன் பண்ணியது ஞாபகம் வந்தது. நான் போனால் கேள்வி அவளிடம்தான் போகும். அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அதனாலேயே அவள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

குசினி வாசலில் ஹீட்டரோடு போய் நின்றேன்.

"பிள்ளை, நான் ஒரு பிழை செய்துபோட்டன். இதைப் பியானோவுக்குக் கீழ போட்டனான். உங்கட கைகாலெல்லாம் விறைச்சுப் போயிருந்தது. உள்ள ஏதோ வெடிச்ச சத்தம் கேட்டது."

அவள் கோப்பையை வைத்த விதத்தில் தேநீர் சிந்தியது. பியானோ அறைக்கு ஓடினாள். நாங்கள் பின்னால் போனோம். மூடியைத் திறந்தாள், போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, அடியில் நகர்ந்துபோனாள். அவளுடைய சப்பாத்துகள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் ஹீட்டரைக் கீழே வைக்கக்கூட மறந்துபோயிருந்தேன்.

அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "அங்கிள்."

"ஓம் பிள்ளை."

"மரத்துக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கம்பிதான் அறுந்திருக்கு. ஸ்பேர் வச்சிருக்கேன்."

பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் முடியில் தூசியோடு வெளியே வந்து, சிரிக்கவும் செய்யாமல் திட்டவும் செய்யாமல் என்னைப் பார்த்தாள்.

"சூடு பட்டா மரம் காஞ்சு வெடிக்கும், அங்கிள். அதனாலதான் இங்க ஹீட்டிங்கே போடறதில்ல. இன்னும் ஒன் அவர் விட்டிருந்தீங்கன்னா போயிருக்கும்."

"நான் அந்த மனுசி கஞ்சம் எண்டு நினைச்சன்."

அதை அவள் ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னாள். வீட்டுக்கார மனுசிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

ஜன்னல்களைத் திறந்து அறையை மறுபடி குளிரவிட்டோம். அவள் புதுக் கம்பி கட்டி, எல்லாக் கம்பிகளையும் திரும்பச் சுருதி கூட்டினாள். கச்சேரி முக்கால் மணித்தியாலம் பிந்தியது. வந்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். கடைசி வரிசையில் இருந்தேன். அந்தப் பியானோவின் ஒலி சின்னது, பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல இருந்தது. என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை அவள் பலமாக அழுத்தும்போதும் இன்னொரு கம்பி போகுமோ என்று காதைத் தீட்டினேன். கடைசிவரை ஒன்றும் அறுந்துபோகவில்லை.

நாலு மணிக்குப் பியானோவை ஏற்றிப் புறப்பட்டோம். வெயில் இறங்க, வானுக்குள் கால் விறைத்தது. நான் வான் ஹீட்டரின் பொத்தானைத் தொடவில்லை. பத்து நிமிடம் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அங்கிள், பியானோ பின்னால, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு. இங்க ஹீட்டர் போடலாம்."

"உண்மையாவோ?"

"ப்ளீஸ், அங்கிள். செத்துடுவேன்."

போட்டேன். சிட்னிக்குத் திரும்பி டூங்கபி வரும்வரை அவள் வாயைத் திறந்தபடி தூங்கினாள்.