மோட்சத்தில் இடம் பிடித்தவள்

இன்னாசியம்மாள் தன்னுடைய கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. பேசினால் சுண்ணாம்பு மட்டை உங்கள் பக்கம் திரும்பும். ஆள் கல்லுமாதிரி உயிரோடு இருக்கிறாள். ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிறாள், விரலெல்லாம் கருப்பு. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனாலும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சிமென்ட் பூசி, சிலுவை நட்டு, பெயர் எழுதி, இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு, அவளுக்குக் கல்லறை தயார்.

"உசுரோட இருக்கையில எதுக்குக்கா இந்த வேலை?" என்று பக்கத்து வீட்டு ஷர்லி கேட்டாள்.

"புதுக்கோட்டை பஸ்ஸுக்கே சன்னல் வழியா பையைப் போட்டு எடம் புடிக்கிறவ நீ. நான் மோட்சத்துக்குப் போறேன்டி, சும்மா போக முடியுமா?"

மோட்சம் போவதில் அவளுக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. இயேசு வா என்றார், இவள் வாரேன் என்றாள், பேச்சு முடிந்தது. போன வருஷம் கல்லறைத் திருநாளில், புதிதாக வந்த பங்குச் சாமியார் அறிவுச்செல்வன் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். இவள் பெயரைப் படித்துவிட்டு, அந்த ஆத்துமா இளைப்பாற வேண்டுமென்று உருக்கமாகச் செபித்தார். பக்கத்திலேயே நின்ற ஆத்துமா எல்லாரையும் விடச் சத்தமாக "ஆமென்" என்றது. விஷயம் தெரிந்ததும் சாமியாருக்கு வேர்த்துவிட்டது.

"இருக்கட்டும் சாமி, செபம் என்ன கெட்டா போயிரும்? பின்னாடி ஒதவும்."

அவளுக்கு இருந்த ஒரே கவலை புருஷன் குழந்தைசாமி. காதலித்துக் கட்டிக்கொண்டவர், ஐயனாரைக் கும்பிடுகிறவர். ஞாயிறு தவறாமல் மொபெட்டில் இவளை மாதாகோயிலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை எதிர் டீக்கடையில் காத்திருப்பார். உள்ளே மட்டும் வரமாட்டார்.

"அவரு இல்லாம அங்கிட்டுப் போயி நான் யாரோட சண்டை போடுறது, சாமி?"

"மோட்சத்துல சண்டையே கிடையாதும்மா."

"அப்பப் பொழுது எப்புடிப் போகும்? நித்தியம்னா லேசா? முடியவே முடியாதுல்ல!"

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஞானஸ்நானம் அவரே விரும்பிக் கேக்கணும்மா. தலையில தண்ணி ஊத்துறது வெளையாட்டு இல்ல."

வீட்டில் வந்து கேட்டால் குழந்தைசாமி பிடி கொடுக்கவில்லை. "தலையில தண்ணி பட்டாலே எனக்குச் சளி புடிக்கும். அதோட அங்க ஓயாம பாடுவாங்களாமே? ஒம்பாட்டை இங்க கேட்டதே போதும்டி."

அன்றைக்குச் சோற்றுத் தட்டை அவள் தரையில் வைத்த சத்தம் தெருமுனைவரை கேட்டது. ஆனால் தட்டில் கருவாடு இரண்டு துண்டு கூடுதலாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் திருநாளன்று வானம் மூட்டம் போட்டிருந்தது. அவள் நனைவாளே என்று குடையை எடுத்துக்கொண்டு, முதல் தடவையாகக் குழந்தைசாமி கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தார். கல்லறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒத்த ஆளுக்கு எதுக்குடி இம்புட்டு அகலம்?"

"கொத்தனாரு தப்பாக் கட்டிப்புட்டான்." சுண்ணாம்பு அடித்தபடி நிமிராமல் சொன்னாள். பாவம் கொத்தனார் ராக்கன். இவள் நூல் பிடித்துக் காட்டிய அளவுக்குத்தான் கட்டியிருந்தான்.

குழந்தைசாமி குடையைக் கீழே வைத்தார். மெதுவாக ஏறி மல்லாந்து படுத்துப் பார்த்தார். சட்டை முதுகெல்லாம் சுண்ணாம்பு.

"காலு நீட்ட எடம் பத்தும் போலதான் இருக்கு."

"ஐயோ, ஈரங்க! எந்திரி..." என்று பாய்ந்து வந்தவள் பாதியில் நின்றாள். குரல் இறங்கிவிட்டது. "கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் படுங்க. அது என் பக்கம்."

தள்ளிப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

தீர்த்தம் தெளித்தபடி சாமியார் அந்த வரிசைக்குள் திரும்பினார். இன்னாசியம்மாள் மட்டையைப் போட்டாள். கையை முந்தானையில் துடைத்தாள். குனிந்து, அவர் தலையில் கட்டியிருந்த துண்டைச் சத்தமில்லாமல் அவிழ்க்க ஆரம்பித்தாள்.

கண்ணைத் திறக்காமலே, அவிழ்க்க வாகாக, அவர் தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.