தாம்பாளத்தில் வைத்த சீஸ்

போன வைகாசியில் ஒரு நாள், மைசூர் தேவராஜ மார்க்கெட் வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அவ்வளவுதான் என் சாமான். அன்று காலையில்தான் ஒரு கல்யாணச் சமையல் குழுவை விட்டுக் கிளம்பியிருந்தேன். பந்தியில் ரசம் தீர்ந்துபோனதற்கு மாஸ்டர் கரண்டியால் என் முதுகில் ஒன்று வைத்தார். ரசத்துக்குப் பொறுப்பு நான் இல்லை. அதை அவரிடம் விளக்கிக்கொண்டு நிற்கவும் பிடிக்கவில்லை. இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிதும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து செங்கல் சூளை, லாரி, எஸ்டேட், ஓட்டல் என்று ஊர் மாறிக்கொண்டேதான் இருக்கிறேன். பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள், மேட்டூர்ப் பக்கம் போனால் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

பழக்கடை ஒன்றின் முன்னால் ஓர் அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு கொள்ளேகாலை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துத் தமிழ். குரல் அழுகையில் வந்து நின்றது.

“ஏனுங், சம்பந்தி வீட்டுக்காரங்க நாளைக்குத்தானே வர்றதாச் சொன்னாங்க? இன்னைக்கே வந்தா நான் எதைத் தூக்கி வெப்பேன்?”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “தம்பி, தமிழா? இந்தப் பையை ஆட்டோ வரைக்கும் தூக்கிட்டு வர்றீங்களா?”

நடக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மறுநாள் விடியற்காலையில் அவர்களுடைய புது வீட்டுக்குக் குடிபோகும் விசேஷம். வாடகை வீட்டைக் காலி செய்து சாவியும் கொடுத்தாயிற்று. சமையல்காரர்கள் விடிகாலையில்தான் வருவார்கள். புது வீட்டில் பால் பொங்குவதற்கு முன்னால் அந்த மனையில் எங்கேயும் நெருப்பு மூட்டக் கூடாது. இந்த நேரம் பார்த்து, மகளைக் கட்டிக்கொடுத்த கொள்ளேகால் சம்பந்திகள் ஒரு நாள் முன்னாடியே கிளம்பிவிட்டார்கள்.

“ஓட்டல்ல வாங்கி வெச்சுடலாமே அக்கா?”

“கல்யாணத்தன்னைக்கு டிபன் லேட்டாயி, ஓட்டல் பார்சலைத்தான் பிரிச்சு வெச்சோம். அதை இன்னும் எம் பொண்ணுகிட்டச் சொல்லிக் காட்டிட்டு இருக்காங்க. இன்னைக்கும் பார்சல்னா அவ தலை நிமிர முடியாது தம்பி.”

எனக்கு என்ன தோன்றியதோ, “அடுப்பு இல்லாம நான் செஞ்சு தர்றேன்” என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். “எப்படி? மந்திரம் போட்டா?”

“பழமும் சீஸும் வாங்கிக் குடுங்க, போதும்.”

குடகில் ஒரு ரிசார்ட்டில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே என்னை அடுப்புக்குப் பக்கத்திலேயே விடவில்லை. ஏசி அறையில் நின்று பழமும் சீஸும் வெட்டி அடுக்குவதுதான் என் வேலை. விருந்தாளிகள் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிப்பதற்கு. அப்போது அதை ஒரு வேலையாகவே நான் நினைத்தது கிடையாது.

“அவங்க முட்டையே தொட மாட்டாங்களே!” என்றார் அக்கா. சீஸ் பாக்கெட்டில் சைவம் என்பதற்காக இருந்த பச்சைப் புள்ளியைக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். அன்னாசி, மாம்பழம், தர்பூசணி, பேரீச்சை, பன்னீர், புதினா, தேன், பல் குத்தும் குச்சி எல்லாம் வாங்கினோம். ஜூஸ் கடையில் கெஞ்சி ஒரு பை ஐஸ் கட்டியும் வாங்கிக்கொண்டேன்.

புது வீட்டின் கார் ஷெட்டில் சாமான்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அங்கேயே பலகை போட்டு உட்கார்ந்தேன். அன்னாசியை வெட்டியதும் துணியில் ஒற்றி எடுத்தேன். ஈரம் இருந்தால் சீஸ் வழவழத்துவிடும். குச்சியில் ஒரு சீஸ் துண்டு, ஒரு புதினா இலை, ஒரு அன்னாசித் துண்டு. பேரீச்சையைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, உதிர்த்த பன்னீரில் தேனும் ஏலக்காய்ப் பொடியும் பிசைந்து அடைத்தேன். தர்பூசணிச் சதுரத்தின் மேல் பன்னீர், அதன் மேல் எலுமிச்சையும் மிளகுத்தூளும். மாம்பழத்துக்கு மட்டும் கொஞ்சம் மிளகாய்ப்பொடி. கை தானாக ஓடியது.

வைப்பதற்குத்தான் தட்டு இல்லை. எல்லாம் மூட்டைக்குள். மறுநாள் பூஜைக்காகத் துலக்கி வைத்திருந்த பித்தளைத் தாம்பாளங்கள் மட்டும் வெளியே இருந்தன. அவற்றில் ஐஸைப் பரப்பி, வாழை இலை போட்டு, மேலே அடுக்கினேன். அழகாகத்தான் இருந்தது. அக்கா சந்தோஷத்தில் ஓரமெல்லாம் மல்லிகைச் சரம் சுற்றினார்.

தப்பு அங்கேதான் நடந்தது.

சம்பந்திகள் மகனோடும் மருமகளோடும் வந்து வாசல் பந்தலில் உட்கார்ந்தார்கள். அக்காவும் வீட்டுக்காரரும் தாம்பாளங்களைக் கொண்டுபோய் வரிசையாக முன்னால் வைத்தார்கள். சம்பந்தியம்மா எழுந்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு தாம்பாளத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“வந்ததும் வராததுமா இத்தனை மரியாதை எதுக்குங்? மனசு நெறஞ்சு போச்சு” என்றவர் மகனிடம் திரும்பி, “எல்லாத்தையும் வண்டியில எடுத்து வை” என்றார்.

ஹனூர், கொள்ளேகால் பக்கம் பழமும் பூவும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினால் அது தின்பதற்கு இல்லை, சம்பந்திக்குச் செய்யும் சீர். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். எனக்கே உறைக்கவில்லை. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. இது தின்பதற்கு என்று சொன்னால் கொடுத்த மரியாதையைத் திரும்பப் பிடுங்கியது மாதிரி. சொல்லாவிட்டால் வந்தவர்களுக்கு வாயில் வைக்க ஒன்றும் இல்லை. அக்காவின் மகள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். மாப்பிள்ளை தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு போக, வழியெல்லாம் ஐஸ் தண்ணீர் சொட்டியது. சம்பந்தி ஐயா மெதுவாக மனைவியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. “ஒரு காப்பித்தண்ணிகூடக் கிடையாதா?”

ரிசார்ட்டில் யார் முன்னாலும் தட்டை வைத்துவிட்டு வர மாட்டோம். உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து நீட்டுவோம். அது ஞாபகம் வந்தது. தாம்பாளத்தில் இடம் போதாமல் மிஞ்சியவற்றை ஒரு தூக்குப்பாத்திர மூடியில் அடுக்கினேன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நேராக ஐயா முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, அது மரியாதைக்குங்க. இது வாய்க்குங்க. குச்சியைப் பிடிச்சு எடுங்க.”

அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதென்னங், சோப்பை வெட்டிக் குத்தி வெச்சாப்புல இருக்குது?”

“நுரை வந்தா துப்பிடுங்க ஐயா.”

மகள் சிரித்துவிட்டாள். அவர் வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் மூடியையே தன் பக்கம் இழுத்தார்.

“நீங்களே தின்னா எப்படி? இப்படிக் குடுங்க” என்று சம்பந்தியம்மா பேரீச்சையை எடுத்தார். அதற்குள் மூடி காலி. அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். “டேய், வண்டியில வெச்சதையெல்லாம் எறக்கு! மரியாதை உருகறதுக்குள்ள தின்னுபோடலாம்.”

பந்தலே சிரித்தது. தாம்பாளங்கள் திரும்பி வந்தன. நான் ஒன்றைக் கையில் ஏந்தி ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டே போனேன். சம்பந்தியம்மா மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “உங்கம்மா அடுப்பே மூட்டாம விருந்து போட்டுட்டாங்களே! நம்ம ஊர்ல போயிச் சொன்னா யாரு நம்புவாங்க?” என்றார். அந்தப் பெண் அப்போது அம்மாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் எடுக்கப் போவது போலப் போய்விட்டார்.

அன்று பந்தலிலேயே படுத்துக்கொண்டேன். விடியற்காலையில் பால் பொங்கியது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தி ஐயா வந்து, “தம்பி என்ன வேலை பண்றீங்?” என்று கேட்டார்.

போகிற இடமெல்லாம் இந்தக் கேள்விக்கு, எது கொடுத்தாலும் செய்வேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று, “விருந்துக்கு வர்றவங்களுக்குப் பழமும் சீஸும் அடுக்கிக் குடுப்பேனுங்க” என்றேன்.

“கொள்ளேகால்ல எந் தம்பி கல்யாண மண்டபம் வெச்சிருக்கறான். வாசல்லயே இதை நீட்டறதுக்கு ஆள் வேணும். வர்றீங்களா?”

வருகிறேன் என்றேன். இன்றைக்கும் அந்த மண்டபத்து வாசலில்தான் நிற்கிறேன். யாராவது என் வேலை என்ன என்று கேட்டால், தட்டை அவர்கள் பக்கம் நீட்டி, நிமிர்ந்து நின்று பதில் சொல்ல முடிகிறது.